வேற மதத்துக்காரங்க விசேஷத்துக்கு போறீங்களா? அழைப்பு வந்ததுல இருந்து எல்லாம் முடியற வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

கூட வேலை பாக்கறவர் வீட்டு நிக்காஹ், ஃபிரெண்டோட சர்ச் கல்யாணம், பக்கத்து ஃபிளாட்ல ஒரு சாவு, வெளிநாட்டுல கூட படிச்ச பொண்ணு கூப்பிட்ட யூத கல்யாணம், இப்படி ஏதாவது ஒண்ணு எல்லாருக்கும் வந்துடுது. போகணும்னு ஆசைதான், ஆனா அங்க எங்க உக்காரணும், எப்ப எந்திரிக்கணும், கையில குடுக்கறத வாங்கலாமா கூடாதான்னு தெரியாம ரிசப்ஷனுக்கு மட்டும் தலைய காட்டிட்டு கிளம்பிடறவங்கதான் அதிகம். சாவு வீடுன்னா இன்னும் மோசம், "நமக்கு அவங்க முறை தெரியாதே"ன்னு போகாமலே விட்டுடறாங்க, அது அந்த வீட்டுக்காரங்களுக்கு வருஷக்கணக்குல ஞாபகம் இருக்கும்.

எந்த மதமா இருந்தாலும் சரி, சடங்குல நடக்கறதெல்லாம் ரெண்டு வகைதான். ஒண்ணு மரியாதை, அதாவது செருப்ப கழட்டறது, தலைய மூடறது, எல்லாரும் எந்திரிச்சா நாமளும் எந்திரிக்கறது, வாய மூடிட்டு இருக்கறது. இன்னொண்ணு "நான் இத நம்பறேன்"னு உடம்பாலயோ வாயாலயோ சொல்றது, சர்ச்சுல குடுக்கற நற்கருணை அப்பத்த வாங்கறது, இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவ சொல்றது, தொழுகையில நெத்திய தரையில வெச்சு சுஜூது செய்யறது மாதிரி. முதல் வகைய விருந்தாளி தாராளமா பண்ணலாம், பெரும்பாலும் பண்ணியே ஆகணும். ரெண்டாவது வகைய யாரும் உங்ககிட்ட எதிர்பாக்கல, நீங்க பண்ணினாதான் பிரச்சினை. கீழ சொல்ற எல்லா ஸ்டெப்பும் இந்த ஒரு வித்தியாசத்த வெச்சுதான்.

ஸ்டெப் 1: எதுக்கு கூப்பிட்டிருக்காங்கன்னு பாருங்க

அழைப்புல "சர்ச்சுல திருமணம்"னு போட்டிருந்தா அது மட்டும் போதாது. கத்தோலிக்க கல்யாணம் திருப்பலியோட, அதாவது பூசையோட சேர்ந்து நடந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல போகும், நடுவுல நற்கருணை வரும். திருப்பலி இல்லாம நடந்தா சீக்கிரம் முடிஞ்சிடும். ஆர்த்தடாக்ஸ் சர்ச்சுன்னா பழைய முறைப்படி நின்னுக்கிட்டேதான் வழிபாடு, சில கோயில்கள்ல பெஞ்சே ஓரத்துல வயசானவங்களுக்கு மட்டும்தான் இருக்கும், ஹீல்ஸ் போட்டுட்டு போகாதீங்க. நிக்காஹ் அதுக்கு நேர் எதிர், மார்க்கப்படி தேவையானது ரெண்டு தரப்பு சம்மதம், ரெண்டு சாட்சி, மஹர் (மாப்பிள்ளை பொண்ணுக்கு குடுக்கறது), பொண்ணு தரப்புல வலீ எனும் பொறுப்பாளர், கூடவே வழக்கமா ஒரு சின்ன உரையும் துஆவும் (பிரார்த்தனை), அவ்வளவுதான். அரை மணி நேரம் லேட்டா போனீங்கன்னா கல்யாணமே முடிஞ்சிருக்கும், அதனால நிக்காஹ்னா டைமுக்கு போங்க. பொண்ணு அதே ஹால்ல இல்லாம வேற ரூம்ல இருந்தா பதறாதீங்க, சம்மதத்த அங்க போய் கேட்டுட்டு வருவாங்க.

இன்னொண்ணும் இப்பவே பாத்துக்கணும், உங்கள உள்ள விடுவாங்களான்னு. இந்தியாவுல இருக்கற பார்சி அக்னி கோயில்களுக்குள்ள பார்சி இல்லாதவங்க போக முடியாது, பூரி ஜகந்நாதர் கோயில்லயும் காத்மாண்டு பசுபதிநாத் மூலக்கோயில்லயும் இந்துக்கள் அல்லாதவங்களுக்கு அனுமதி இல்ல, மக்காவுக்கு முஸ்லிம் அல்லாதவங்க போக முடியாது, மோர்மன்ங்கற கிறிஸ்தவப் பிரிவோட டெம்பிளுக்குள்ள அவங்க சபையில தகுதி பெற்றவங்கள தவிர கல்யாணப் பொண்ணோட பெத்த அம்மாவா இருந்தாலும் வெளியதான் காத்திருக்கணும். இதுல கோவப்படவோ வாசல்ல நின்னு வாதம் பண்ணவோ எதுவும் இல்ல. ஆனா அதே பார்சி வீட்டுல குழந்தைய மதத்துல சேக்கற நவ்ஜோத் சடங்குக்கோ கல்யாணத்துக்கோ கூப்பிட்டா சந்தோஷமா போகலாம், அது பொதுவா எல்லாரும் வர்ற நிகழ்ச்சிதான்.

ஸ்டெப் 2: உள்ளாள் ஒருத்தர்கிட்ட கேளுங்க, கூகுள்கிட்ட மட்டும் இல்ல

ஒரே மதத்துக்குள்ளயே ஊருக்கு ஊர், குடும்பத்துக்கு குடும்பம் மாறும். யூதர்கள்ல ஆர்த்தடாக்ஸ் ஜெபாலயத்துல ஆண் பெண் நடுவுல தடுப்பு இருக்கும், ரிஃபார்ம் பிரிவுல எல்லாரும் கலந்து உக்காருவாங்க. நீங்க நெட்ல படிச்சது ஒண்ணு, அங்க நடக்கறது ஒண்ணுன்னு ஆகிடும். அதனால கல்யாண மாப்பிள்ளைய தொந்தரவு பண்ணாம அவரோட அண்ணனோ கசினோ யாராவது ஒருத்தர புடிச்சு நாலே நாலு கேள்வி கேட்டுடுங்க: என்ன டிரெஸ், எங்க உக்காரணும், நான் செய்யக்கூடாதது எது, கிஃப்ட் என்ன குடுக்கறது வழக்கம். "நான் செய்யக்கூடாதது எது"ங்கற கேள்விதான் முக்கியம். "என்ன பண்ணணும்"னு கேட்டா "அட நீங்க சும்மா வாங்க"ன்னு சொல்லிடுவாங்க, அது பாசத்துல சொல்றது, அதுல தகவல் ஒண்ணும் இருக்காது.

ஸ்டெப் 3: டிரெஸ்ஸும் பையும்

தோள் மூடணும், முட்டி மூடணும். இது ரோம்ல செயின்ட் பீட்டர் பேராலயத்துக்கும் பொருந்தும், பாங்காக் அரண்மனைக் கோயிலுக்கும் பொருந்தும், எந்தப் பள்ளிவாசலுக்கும் பொருந்தும், முதல் ரெண்டு இடத்துலயும் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, மூணாவது இடத்துல வாய்விட்டு சொல்லாம சங்கடப்படுவாங்க.

தலைதான் குழப்பம். சர்ச்சுக்குள்ள ஆம்பளைங்க தொப்பிய கழட்டறது மரியாதை. ஜெபாலயத்துல ஆம்பளைங்க தலைய மூடறது மரியாதை, வாசல்லயே ஒரு பெட்டியில கிப்பா எனும் சின்ன குல்லா வெச்சிருப்பாங்க, யூதர் இல்லைன்னாலும் எடுத்து போட்டுக்கலாம், அது மத அடையாளத்த ஏத்துக்கறது ஆகாது. சீக்கியர்களோட குருத்வாராவுல ஆண் பெண் குழந்தைங்க எல்லாரும் மூடணும், அங்கயும் துணி வெச்சிருப்பாங்க, ஆனா பேஸ்பால் கேப் போட்டுட்டு போய் "தலை மூடிதானே இருக்கு"ன்னு நிக்காதீங்க. பள்ளிவாசல்ல பெண்கள் தலைமுடிய மூடணும். ஆக பையில ஒரு பெரிய ஷால் இருந்தா முக்கால்வாசி பிரச்சினை தீர்ந்தது, இது ஆண்களுக்கும் சேத்துதான் சொல்றேன்.

செருப்பு கழட்டற இடங்கள் நிறைய, அதனால ஓட்டை இல்லாத சாக்ஸ். சமணக் கோயில்னா தோல் பெல்ட், தோல் பர்ஸ் எல்லாம் வெளியவே விட்டுடணும். குருத்வாராவுக்குள்ள சிகரெட் பாக்கெட் பாக்கெட்டுல இருக்கறதே தப்பு, அத வண்டியிலயே வெச்சுட்டு போங்க. கலர்ல ஒண்ணு ரெண்டு விஷயம்: சீனக் குடும்பத்து சாவுக்கு சிவப்பு வேண்டாம், மேற்கத்திய கல்யாணத்துக்கு வெள்ளை கவுன் வேண்டாம் அது மணப்பெண்ணோடது, இந்து சாவு வீட்டுக்கு பளபளன்னு எதுவும் வேண்டாம், வெள்ளையோ வெளிர் கலரோ போதும்.

ஸ்டெப் 4: உள்ள போனதும்

நேரா முன்னாடி போய் உக்காராதீங்க. நடுவுல இருந்து பின்னாடி, ஓரமா, அந்த மதத்துக்காரங்க ரெண்டு வரிசையாவது உங்களுக்கு முன்னாடி இருக்கற மாதிரி உக்காருங்க. அவங்க எந்திரிச்சா எந்திரிங்க, உக்காந்தா உக்காருங்க. மண்டி போடும்போது மட்டும் நீங்க போட வேண்டியதில்ல, அமைதியா உக்காந்திருந்தா போதும்.

தரையில உக்கார்ற இடத்துல காலு எங்க நீட்டறோம்னு கவனம் வேணும். சீக்கியர்களோட புனித நூலான குரு கிரந்த் சாஹிப் இருக்கற பக்கமும் புத்தர் சிலை பக்கமும் பாதத்த காட்டக்கூடாது. கால் மடக்கி உக்கார முடியாதவங்க சுவர் ஓரமா போயிடுங்க, மூட்டு வலின்னா சொன்னா நாற்காலி இருக்கற இடத்த காட்டுவாங்க. பள்ளிவாசல்ல தொழுதுட்டு இருக்கறவருக்கு முன்னாடி குறுக்க நடக்கக்கூடாது, இது புதுசா போறவங்க அடிக்கடி செய்யற விஷயம், எவ்வளவு அவசரமா இருந்தாலும் பின்னாடி சுத்தி போங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில குத்பா எனும் உரை ஓடிட்டு இருக்கும்போது பேசவே கூடாது, பக்கத்துல பேசறவர பாத்து "சும்மா இரு"ன்னு சொல்றதே வீண் பேச்சுதான்னு ஹதீஸ் இருக்கு, அந்த அளவுக்கு கண்டிப்பு.

தாய்லாந்து மாதிரி இடங்கள்ல தேரவாத பௌத்த பிக்குகிட்ட பெண்கள் எதையும் நேரா கையில குடுக்க மாட்டாங்க, துணி மேலயோ தட்டுலயோ வெப்பாங்க, அவர் எடுத்துக்குவார். நிறைய முஸ்லிம்களும் ஆர்த்தடாக்ஸ் யூதர்களும் எதிர்பாலார்கூட கை குலுக்க மாட்டாங்க. அதனால யார்கிட்டயும் நாம முதல்ல கைய நீட்டாம, நெஞ்சுல கை வெச்சு தலைய லேசா அசைச்சா எல்லா இடத்துலயும் செல்லும்.

நியூசிலாந்து பழங்குடிகளான மவோரிங்களோட மராயேவுக்கு, அதாவது அவங்க கூடற பொது இடத்துக்கு போற வாய்ப்பு வந்தா அங்க உள்ள போறதே ஒரு சடங்கு. வாசல்ல கூட்டமா நிக்கணும், உள்ள இருந்து ஒரு பெண் குரல் நீட்டி அழைக்கும், அது கேக்கற வரைக்கும் ஒரு அடி எடுத்து வெக்கக்கூடாது. அப்புறம் மெதுவா நடந்து போய் உக்காந்து, ரெண்டு பக்கமும் உரை நடந்து, மூக்கோட மூக்கு ஒத்தி வணக்கம் சொல்லி, கடைசியா சாப்பாடு. அந்த சாப்பாடு விருந்து மட்டும் இல்ல, அந்த சடங்குநிலைய முடிச்சு வெக்கறதே அதுதான், அதனால "எனக்கு டைம் இல்ல நான் கிளம்பறேன்"னு நடுவுல நழுவாதீங்க.

ஸ்டெப் 5: கையில ஏதாவது குடுக்கும்போது

ஆளுங்க ரொம்ப தடுமாறற இடம் இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க.

கத்தோலிக்க திருப்பலியில நற்கருணை நேரம் வரும்போது வரிசை வரிசையா எல்லாரும் எந்திரிச்சு முன்னாடி போவாங்க, உங்க பெஞ்சே காலியாகும், நீங்க மட்டும் உக்காந்திருந்தா ஏதோ மாதிரி இருக்கும், அந்த கூச்சத்துலயே பலபேர் கூட போயிடறாங்க. போகாதீங்க. அந்த அப்பம் அவங்களுக்கு பிரசாதம் மாதிரி இல்ல, அது கிறிஸ்துவோட உடலாவே மாறிடுதுன்னு அவங்க விசுவாசம், கத்தோலிக்கர் அல்லாதவங்களுக்கு பொதுவா குடுக்கறதும் இல்ல. வாங்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம கர்ச்சீஃப்ல சுத்தி பாக்கெட்ல போட்டீங்கன்னா பின்னாடியே ஆள் வருவாங்க, அங்கயே உட்கொள்ளணும்ங்கறது விதி. பெஞ்சுலயே உக்காந்திருங்க, பக்கத்துல இருக்கறவங்க வெளிய போக கால மட்டும் ஒதுக்குங்க. சில நாடுகள்ல ரெண்டு கையையும் நெஞ்சுக்கு குறுக்க கட்டிட்டு வரிசையில போனா ஃபாதர் அப்பம் குடுக்காம ஆசீர்வாதம் மட்டும் பண்ணுவார், இது எல்லா ஊர்லயும் இல்ல, கேட்டுட்டு போங்க. ஆர்த்தடாக்ஸ் சர்ச்லயும் நற்கருணை அவங்களுக்கு மட்டும்தான், ஆனா வழிபாடு முடிஞ்சதும் ஆசீர்வதிச்ச ரொட்டித் துண்டு தனியா குடுப்பாங்க, அத விருந்தாளிங்களும் வாங்கலாம். பல புராட்டஸ்டண்ட் சபைகள்ல திருவிருந்துக்கு முன்னாடி யார் யார் பங்கெடுக்கலாம்னு போதகரே அறிவிச்சிடுவார்.

இப்ப குருத்வாராவுக்கு வாங்க, எல்லாமே தலைகீழ். அங்க கடா பிரசாத் வாங்காம இருந்தாதான் மனசு வருத்தம். உக்காந்த இடத்துக்கே வந்து குடுப்பாங்க, ரெண்டு கையையும் குவிச்சு கிண்ணம் மாதிரி வெச்சு வாங்கணும், ஒத்தக் கைய நீட்டக்கூடாது. கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூணும் சம அளவு, சூடா கையில விழும், நெய் விரல் இடுக்குல வழியும், டிஷ்யூவ தேடாம அப்படியே சாப்ட்டுட்டு மிச்ச நெய்ய கையிலயே தேச்சுக்கிறவங்கதான் அங்க அதிகம். சுகர் இருக்கறவங்க "கொஞ்சமா"ன்னு சொன்னா போதும். அப்புறம் லங்கர் எனும் பொதுச் சாப்பாடு, தரையில எல்லாரும் ஒரே வரிசை, ஜாதி மதம் பதவி எதுவும் கிடையாது, அந்த சமத்துவத்துக்காகவேதான் அத குருமார்கள் ஏற்படுத்தினாங்க. எவ்வளவு வேணும்னாலும் கேட்டு சாப்பிடலாம், தட்டுல மிச்சம் வெக்கறது மட்டும் வேண்டாம்.

இந்து பிரசாதம்னா வலது கையால வாங்கணும். ஆனா இங்க ஒரு மறுபக்கமும் இருக்கு: இறைவன் அல்லாத வேற ஒண்ணுக்கு படைச்சத சாப்பிடக்கூடாதுன்னு நம்பற முஸ்லிம்கள் இருக்காங்க, சிலைக்கு படைச்ச உணவப் பத்தி பவுல் கொரிந்தியருக்கு எழுதின நிருபத்த வெச்சு தவிர்க்கற கிறிஸ்தவங்களும் இருக்காங்க. நீங்க அந்த பக்கமா இருந்தா கைகூப்பி "மன்னிச்சுக்குங்க, நான் சாப்பிடறதில்ல"ன்னு சிரிச்ச முகத்தோட சொன்னா போதும், விளக்கம் குடுக்க ஆரம்பிச்சாதான் கெட்டுப்போகும். வீட்டுக்காரங்களும் "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆகிடும்"னு வற்புறுத்தாதீங்க, உங்களுக்கு அது பாசம், அவங்களுக்கு அது சத்தியத்த மீறற விஷயம்.

வார்த்தையும் இதே கணக்குதான். "மஸெல் டோவ்" (யூதர்கள் வாழ்த்து சொல்றது), "ஆமென்" எல்லாம் மனசுக்கு சரின்னா சொல்லலாம். யாராவது விளையாட்டுக்கு "எங்க சொல்லு பாப்போம்"னு கலிமாவ சொல்லச் சொன்னா நாசூக்கா தவிர்த்துடுங்க, அது ஒருத்தர் இஸ்லாத்த ஏத்துக்கற உறுதிமொழி, விளையாட்டுக்கு ஆகாது.

ஸ்டெப் 6: போட்டோ

எடுக்காதீங்கன்னு சொன்னா கோவம் வரும், ஆனா பாதுகாப்பான பதில் அதுதான். ஷப்பாத் அன்னிக்கு, அதாவது வெள்ளி சூரிய அஸ்தமனத்துல இருந்து சனி ராத்திரி வரைக்கும், ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் போன தொடவே மாட்டாங்க, அவங்க ஜெபாலயத்துல நீங்க போன எடுக்கறதே எல்லார் கண்ணையும் உறுத்தும், நோட்டுல எழுதறதுகூட அன்னிக்கு இல்ல. அமெரிக்காவுல ஹோப்பி பழங்குடி மக்களோட சடங்குகள்ல போட்டோ மட்டும் இல்ல, ஆடியோ பதியறதும் படம் வரையறதும்கூட தடை. இலங்கையில புத்தர் சிலைக்கு முதுக காட்டி நின்னு செல்ஃபி எடுக்கறது பெரிய அவமரியாதை, போலீஸ் கேஸ் வரைக்கும் போகும். எங்கயும் கும்பிடறவங்க முகத்துக்கு நேரா கேமராவ நீட்டாம இருந்தா பாதி வம்பு இல்ல.

ஸ்டெப் 7: கல்யாணத்துல எது முக்கியமான நிமிஷம்

எந்த நிமிஷத்துல சத்தம் போடக்கூடாது, எப்ப கைதட்டலாம்னு தெரிஞ்சா மீதி தானா வரும். சீக்கிய ஆனந்த் காரஜ்ல குரு கிரந்த் சாஹிப்ப நாலு தடவை சுத்தி வருவாங்க, ஒவ்வொரு சுத்துக்கும் குரு ராம்தாஸ் எழுதின ஒரு லாவான் பாடல், அந்த நேரத்துல எந்திரிச்சு உலாத்தாதீங்க. இந்து கல்யாணத்துல பல பிரிவுகள்ல அக்னிகிட்ட ஏழு அடி எடுத்து வெக்கற சப்தபதிதான் உச்சம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ கல்யாணத்துல ரெண்டு பேர் தலையிலயும் கிரீடம் வெச்சு மூணு தடவை சுத்தி வரவெப்பாங்க. யூத கல்யாணத்துல ஹுப்பாங்கற பந்தலுக்கு கீழ ஏழு ஆசீர்வாதம் சொல்லி முடிச்சு மாப்பிள்ளை கால்ல ஒரு கிளாஸ உடைப்பார், அது உடையற சத்தம் கேட்டதும் "மஸெல் டோவ்"னு கத்தலாம், அதுவரைக்கும் அமைதி.

எனக்கு ரொம்ப புடிச்சது குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவோட கல்யாணம். பாதிரியார் கிடையாது, மேடை கிடையாது, எல்லாரும் சும்மா அமைதியா உக்காந்திருப்பாங்க, ஜோடி தங்களுக்கா தோணும்போது எந்திரிச்சு கைய புடிச்சுட்டு உறுதிமொழி சொல்லிட்டு உக்காந்துடும், மறுபடி அமைதி. யாருக்காவது மனசுல பேசணும்னு தோணினா பேசலாம். முடிஞ்சதும் பெரிய சான்றிதழ் ஒண்ண மேஜைல விரிச்சு வெப்பாங்க, அதுல வந்திருக்கற அத்தனை பேரும், குழந்தைங்க உட்பட, கையெழுத்து போடணும். உங்க மதம் என்னன்னு யாரும் கேக்க மாட்டாங்க, நீங்களும் ஒரு சாட்சி. கையெழுத்து போடாம ஓடிடாதீங்க.

ஸ்டெப் 8: சாவு வீடு

கல்யாணத்துல தப்பு பண்ணினா சிரிச்சுட்டு விட்டுடுவாங்க, இங்க அந்த இடம் இல்ல. முதல் விஷயம் வேகம். முஸ்லிம்களும் யூதர்களும் முடிஞ்சவரை சீக்கிரமா, பெரும்பாலும் அன்னிக்கோ மறுநாளோ அடக்கம் பண்ணிடுவாங்க, "சனிக்கிழமை லீவு அன்னிக்கு போறேன்"னு பிளான் போட்டா முடிஞ்சிருக்கும். செய்தி கேட்டதும் கிளம்பணும்.

இறந்தவங்களுக்காக முஸ்லிம்கள் தொழற ஜனாஸா தொழுகை வழக்கமான தொழுகை மாதிரி இல்ல, குனியறதும் இல்ல, சுஜூதும் இல்ல, நின்ன வாக்குலயே நாலு தக்பீர் ("அல்லாஹு அக்பர்"னு சொல்றது), சில நிமிஷத்துல முடிஞ்சிடும். மத்தவங்க பின்னாடியோ ஓரமாவோ அமைதியா நின்னா போதும். அடக்கம் பண்ணும்போது மூணு கைப்பிடி மண் போடுவாங்க. பெண்கள் கப்ருஸ்தானுக்கு (அடக்கம் பண்ற இடத்துக்கு) வர்றது சில இடத்துல உண்டு, பல இடத்துல இல்ல. சத்தமா ஒப்பாரி வெச்சு அழறத மார்க்கம் விரும்பறதில்ல, அதனால அங்க அமைதியா இருக்காங்களேன்னு துக்கம் குறைவுன்னு எடை போடாதீங்க.

யூத அடக்கத்துல சவப்பெட்டிய இறக்கினதும் உறவுக்காரங்களே மண் தள்ளுவாங்க. மண்வெட்டிய முதல்ல திருப்பி, முதுகுப் பக்கமா வெச்சு கொஞ்சமா மண் எடுப்பாங்க, இந்த வேலைய அவசரமா முடிக்க மனசில்லைங்கறது அதுல தெரியும். தள்ளினவர் மண்வெட்டிய அடுத்தவர் கையில குடுக்க மாட்டார், மண்ணுல குத்தி வெச்சுட்டு நகருவார், துக்கத்த கை மாத்தி விடக்கூடாதுன்னு. அடுத்து நிக்கறது நீங்கன்னா குத்தி வெச்ச இடத்துல இருந்து எடுத்து, போட்டுட்டு, மறுபடி குத்தி வெச்சுடுங்க. அப்புறம் ஏழு நாள் ஷிவாங்கற துக்க காலம், வீட்டுல கண்ணாடிய மூடியிருப்பாங்க, துக்கத்துல இருக்கறவங்க தாழ்வான ஸ்டூல்ல உக்காந்திருப்பாங்க, கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும், பெல் அடிக்காம உள்ள போகலாம். போனதும் "எப்படி ஆச்சு"ன்னு ஆரம்பிக்காதீங்க, அவங்க முதல்ல பேசற வரைக்கும் பேசாம உக்காந்திருக்கறதுதான் முறை. பூ எடுத்துட்டு போற வழக்கம் இல்ல, சாப்பாடு எடுத்துட்டு போகலாம், கோஷர் எனும் யூத உணவு விதி பாக்கற வீடான்னு கேட்டுட்டு.

ஜப்பான்ல பௌத்த முறை இறுதிச்சடங்குக்கு போனா தனி கவர்ல பணம் வெப்பாங்க, புத்தம்புது நோட்டா வெக்கறதில்ல, சாவ எதிர்பார்த்து தயாரா வெச்சிருந்த மாதிரி ஆகிடும்னு. நாலு, ஒன்பது வர்ற தொகையும் தவிர்க்கணும். ஊதுபத்தித் தூள எடுத்து போடற சடங்குல முன்னாடி போறவர் என்ன பண்றாரோ அதயே பண்ணுங்க, யாரும் எண்ணிட்டு இருக்க மாட்டாங்க. இந்து சாவுக்கு போயிட்டு வந்தா குளிக்காம எதையும் தொடாத வழக்கம் பல வீடுகள்ல உண்டு, அதனால அங்க இருந்து நேரா அவங்களோட இன்னொரு சொந்தக்காரர் வீட்டுக்கு போய் நிக்காதீங்க.

ஆறுதல் வார்த்தையில கவனம். "அவர் சொர்க்கத்துக்கு போயிட்டார்", "கர்மா"ன்னு நம்ம நம்பிக்கைய அவங்க துக்கத்து மேல போர்த்தாதீங்க. "அவர எனக்கு புடிக்கும்"னு சொல்லி அவரப் பத்தி ஒரு நிஜ சம்பவம் சொன்னா எந்த மதத்துலயும் செல்லும்.

ஸ்டெப் 9: கிஃப்ட்டும் அதுக்கப்புறமும்

கிஃப்ட்ல பெரிய ரகசியம் இல்ல. முஸ்லிம் வீட்டுக்கு மது, பன்றித் தோல் சாமான் வேண்டாம், சீனக் குடும்பத்துக்கு கடிகாரம் வேண்டாம், யூத விசேஷத்துக்கு பணமா குடுத்தா 18-ஓட மடங்குல குடுக்கறது வழக்கம், மராயேவுல கவர தரையில வெச்சு குடுப்பாங்க அத பாத்து ஆச்சரியப்படாதீங்க.

ஏதாவது தவறா பண்ணிட்டீங்கன்னா அந்த இடத்துலயே ஒரு சின்ன "சாரி", அதுக்கு மேல இழுக்காதீங்க, நீங்க மன்னிப்பு கேட்டுட்டே இருந்தா அவங்கதான் உங்களுக்கு ஆறுதல் சொல்லணும். சாவு வீடா இருந்தா இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. முதல் வாரம் எல்லாரும் வருவாங்க, அப்புறம் யாரும் வர மாட்டாங்க. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு 40-வது நாள், ஜப்பானிய பௌத்தர்களுக்கு 49-வது நாள், யூதர்களுக்கு 30-வது நாளும் வருஷ நினைவு நாளும், கணவர இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு நாலு மாசம் பத்து நாள் இத்தா எனும் காத்திருப்புக் காலம். இதுல எது பொருந்துதோ அத போன்ல ரிமைண்டர் போட்டு வெச்சு அன்னிக்கு ஒரு கால் பண்ணுங்க. யூத நினைவு நாள் மட்டும் எபிரேய காலண்டர்படி வரும், இங்கிலீஷ் தேதி வருஷா வருஷம் மாறும், அதனால இந்த வருஷம் எப்பன்னு அவங்க வீட்டுலயே ஒருத்தர்கிட்ட கேட்டு வாங்கி வெச்சுக்குங்க.